மஞ்சள் வட்டம்

“அப்ப நீ எங்கம்மா நின்னுட்டிருந்தே?”

பட்டறைச் செயலாளர் இதைக் கோபமாகக் கேட்கவில்லை. காகிதத்தில் நிரப்ப வேண்டிய இடம் ஒன்று மிச்சமிருக்கிறது, அதை நிரப்பிவிட்டால் எழுந்து போகலாம் என்கிற மாதிரி கேட்டார். நான் கையை நீட்டி என் மேசையைக் காட்டினேன். பதிவேடும் நூலில் கட்டிய பேனாவும் இருக்கிற மேசை. அங்கே உட்கார்ந்தால் எதிரே இரும்பு அலமாரிதான் தெரியும், மில்லிங் மெஷின் தெரியாது. “அப்ப நீ ஒண்ணும் பாத்திருக்க முடியாது” என்று அவரே சொல்லி, அவரே எழுதிக்கொண்டார்.

வாயால் நான் பொய் சொன்னதில்லை. வாயால் எதுவுமே அதிகம் சொன்னதில்லை. அன்று விரலால் சொன்னேன்.

எங்கள் பட்டறை தனியாக யாருக்கும் சொந்தமில்லை. சொந்தமாக மெஷின் வாங்க வழியில்லாத முப்பது பேர் சேர்ந்து, காலியாகக் கிடந்த கிடங்கு ஒன்றைப் பிடித்து, ஒரு லேத், ஒரு மில்லிங் மெஷின், துளை போடுகிற மெஷின் இரண்டு, மரவேலைக்கு ஒரு மூலை என்று நடத்துகிறார்கள். என் அண்ணன் அதில் ஓர் உறுப்பினர். பம்புக்குப் போகிற சின்னச் சின்ன உலோகத் துண்டுகளை அளவுக்குச் செதுக்கிக் கொடுப்பது அவன் பிழைப்பு. அங்கே பதிவேடு பார்க்கவும் பெருக்கவும் ஆள் வேண்டுமென்றபோது அவன்தான் என்னைச் சொன்னான். பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னபோதெல்லாம் நின்றேன். பதில் வரவில்லை. நின்று நின்று, ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்தே நின்றுவிட்டேன். வீட்டில் சும்மா இருந்தவளுக்கு இது ஒரு வேலை.

மில்லிங் மெஷினில் கட்டர்தான் சுழலும். செதுக்க வேண்டிய துண்டை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் இறுக்கி வைத்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கட்டருக்கு ஊட்ட வேண்டும், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, அவசரப்படாமல். கட்டர் விரல் நீளம் இருக்கும். நிற்கும்போது அதன் பற்கள் தெரியும். வேகமாகச் சுற்றும்போது ஒரு பல்கூடத் தெரியாது. வழவழப்பான குச்சி ஒன்று சும்மா நிற்கிறது என்றுதான் தோன்றும்.

அதனால்தான் அதற்கு இத்தனை விதிகள். சுவரில் பலகையில் ஏழு விதி எழுதியிருந்தது. கையுறை போடக்கூடாது, தொங்குகிற சட்டைக்கை கூடாது, கூந்தலைக் கட்டியிருக்க வேண்டும், உலோகச் சீவலைக் கையால் தள்ளாமல் பிரஷ்ஷால் தள்ள வேண்டும், இப்படிப் போகும். கட்டாத கூந்தலோடு வருகிறவர்களுக்காக என் மேசையில் ஒரு டப்பா நிறைய ரப்பர் பேண்ட் வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு பித்தளை வில்லை உண்டு, எண் குத்தியது, கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வது. மெஷினை எடுக்கிறவர் தன் வில்லையை மெஷினின் தலையில் உள்ள கொக்கியில் மாட்ட வேண்டும். ஏழாவது விதி அந்த வில்லையைப் பற்றியது. வில்லை தொங்கும்போது அவரோடு யாரும் பேசக்கூடாது. பின்னாலிருந்து கூப்பிட்டு, அவர் திடுக்கிட்டுத் திரும்பினால் கை போய்விடும். ஏதாவது சொல்ல வேண்டுமானால் அவர் கண்ணில் படுகிற இடத்தில் போய் நின்று, அவராக நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கென்றே மெஷினுக்குப் பக்கவாட்டில் தரையில் மஞ்சள் பெயின்டில் ஒரு வட்டம் போட்டிருந்தது. வட்டத்துக்கு அருகே தூணில் ஒரு சிவப்புப் பொத்தான். காத்து நிற்கிறவர் ஏதாவது விபரீதம் கண்டால், கையை நீட்டி அமுக்கினால் போதும், மெஷின் நின்றுவிடும்.

மற்ற ஆறு விதிகளையும் யார் யாருக்காகவோ எழுதியிருக்கலாம். ஏழாவதை எனக்காகவே எழுதியிருந்தார்கள். பேசாமல் நில், அவர்களே உன்னைப் பார்ப்பார்கள் என்று இதற்குமுன் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கட்டரைச் சுற்றி ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. உண்மையில் பிளாஸ்டிக்தான். கதவின் கீலுக்குப் பக்கத்தில் பட்டாணி அளவில் ஒரு சுவிட்ச். கதவு மூடினால் அது அமுங்கும், அமுங்கினால்தான் கட்டர் ஓடும். கதவைத் திறந்த மாத்திரத்தில் நின்றுவிடும். செயலாளர் முன்பு எலக்ட்ரீஷியனாக இருந்தவர், அதைத் தன் கையால் மாட்டியவர். புதிதாக யார் சேர்ந்தாலும் கதவைத் திறந்து திறந்து மூடிக் காட்டுவார். பேரப்பிள்ளையை ஆடச் சொல்லி விருந்தாளிக்குக் காட்டுகிற முகம் அப்போது அவருக்கு வந்துவிடும்.

அந்தச் சுவிட்ச் எல்லாரையும் சோம்பேறி ஆக்கிவிட்டது. வேலை முடிந்தால் முதலில் நிறுத்தும் பொத்தானை அமுக்க வேண்டும், பிறகு கதவைத் திறக்க வேண்டும். யாரும் அப்படிச் செய்வதில்லை. கதவைத் திறப்பார்கள், அது நிற்கும், கையை விட்டுத் துண்டைத் தடவிப் பார்ப்பார்கள். பொத்தானின் பெயின்ட் புதுசாகவே இருந்தது. கதவின் கைப்பிடிதான் தேய்ந்து பளபளத்தது. தினமும் இரண்டையும் துடைக்கிறவள் என்பதால் எனக்குத் தெரியும்.

சக்கர அக்காவும் அப்படித்தான். சக்கர நாற்காலி பழுது பார்க்கிறவள், அதனால் அந்தப் பெயர். ஒற்றை அறைக் கடை, வாசலில் எப்போதும் நாலைந்து நாற்காலிகள் கால் மடக்கிக் கிடக்கும். கால் வைக்கிற தட்டைப் பிடித்து நிறுத்தும் அலுமினியக் கட்டைகளை இங்கே வந்து செய்துகொள்வாள். ஏழாம் எண் வில்லை அவளுடையது. ஆறு வருஷமாக வருகிறாள். எனக்கு மியூட்டு என்று பெயர் வைத்தவள் அவள்தான். சேர்ந்த முதல் வாரம் மூன்று கேள்வி கேட்டாள், மூன்றுக்கும் தலையை ஆட்டினேன். “உன்னப் பெக்கும்போது யாரோ ரிமோட்டு மேல உக்காந்துட்டாங்க போல” என்றாள். பட்டறையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. மற்றவர்கள் கிண்டல் செய்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். அவள் கிண்டல் செய்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள், ஏதாவது வரும் என்று.

அண்ணனுக்குக் கதவு பிடிக்காது. அவனுடைய துண்டுகளில் சீவலை அடிக்கடி தள்ள வேண்டும், அடிக்கடி அளக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்தால் நிற்கும், மூடி மறுபடி ஓட்டினால் வேகம் பிடிக்க நேரமாகும். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் கதவுக்கே போகிறது என்று புலம்புவான். இரண்டு மாதத்துக்கு முன்பு ஒருநாள் என் மேசைக்கு வந்து டப்பாவிலிருந்து ஒரு ரப்பர் பேண்டை எடுத்துப்போய், கீலைச் சுற்றிப் போட்டு அந்தச் சுவிட்சை அமுக்கிக் கட்டினான். கதவு திறந்திருந்தது, கட்டர் ஓடியது. பத்து நிமிஷத்தில் எண்ணெய் பட்டு ரப்பர் அறுந்தது. திரும்பி வந்தான். என் பின்னல் நுனியில் துணி சுற்றிய கறுப்பு பேண்ட் போட்டிருந்தேன்.

“அதக் குடு. தலைய அப்புறம் கட்டிக்கலாம்.”

எதற்கு என்று நான் கேட்கவில்லை. எதற்கு என்று தெரியும். கழற்றிக் கொடுத்தேன்.

அதற்குப்பின் அது வழக்கமாகிவிட்டது. அவன் வந்ததும் கையை நீட்டுவான், நான் பின்னலை அவிழ்ப்பேன். நேரம் முடிந்து அவன் கை கழுவப் போனதும் நான் போய்க் கீலிலிருந்து பேண்டைக் கழற்றி மறுபடி தலையில் போட்டுக்கொள்வேன். அவன் கழற்ற மறந்துவிடுவான், நான் மறக்கமாட்டேன் என்பது எங்களுக்குள் பேசாமலே ஏற்பட்ட ஏற்பாடு. என் கூந்தல் நுனியில் எப்போதும் மெஷின் எண்ணெய் வாடை. அம்மா தலைக்கு வைக்கிற எண்ணெயை மாற்றச் சொன்னாள்.

என்னிடம் சில நோட்டுகள் உண்டு. தீர்ந்துபோன பதிவேடுகளில் மிஞ்சிய வெள்ளைத் தாள்களைத் தைத்துச் செய்தவை. அம்மாவின் வெட்டுத்துணி மூட்டைக்குள் வைத்திருக்கிறேன், யாருக்கும் தெரியாது. யாரிடமும் சொல்லாததெல்லாம் அதில் இருக்கும். பேண்டைக் கொடுத்த ஒவ்வொரு தடவையும் எழுதினேன், கிழமை, நேரம், எப்போது கழற்றினேன் என்பது உட்பட. பதினோரு தடவை. பன்னிரண்டாவது தடவைக்கு எதிரே கழற்றிய நேரம் இல்லை.

அன்று புதன்கிழமை. அண்ணனுக்கு நாலு மணி வரை, அக்காவுக்கு நாலு மணியிலிருந்து. கைமாறும்போது மெஷினைச் சோதித்து, பதிவேட்டில் டிக் போட்டு, அதற்கப்புறம்தான் நான் அடுத்தவரிடம் விட வேண்டும். அக்கா கால் மணி முன்னதாகவே வந்துவிட்டாள். நான் பின்கட்டில் எண்ணெய்த் துணிகளைச் சோப்பில் ஊறவைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் அண்ணனைப் பார்க்க ஓர் ஆள் வந்து எதிர்ப்பக்க டீக்கடையில் நிற்பதாகப் போன் வந்திருக்கிறது. “என்னது முடிஞ்சுதுக்கா, நீங்களே எடுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுத் தன் வில்லையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். இது பிறகு அக்கா சொல்லித்தான் தெரியும்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு வரும்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தலையில் ஏழாம் எண் வில்லை. அண்ணன் இல்லை. என் பின்னல் அவிழ்ந்து தோளில் கிடந்தது. அதைத் தள்ளிவிடக் கையை வைத்தபோதுதான் நினைவு வந்தது. கீலைப் பார்த்தேன். கறுப்பாகத் தெரிந்தது.

கதவு மூடித்தான் இருந்தது. மூடியிருக்கும்வரை ஆபத்தில்லை. அக்கா கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள், கட்டர் துண்டின் பாதியில் இருந்தது. நான் போய் மஞ்சள் வட்டத்தில் நின்றேன்.

பிறகு ஒருநாள், அதே நீளத் துண்டை அண்ணன் ஓட்டும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். பாதியிலிருந்து முடிய நாற்பது விநாடி.

நாற்பது விநாடி நான் விதிப்படி நின்றேன். அவள் நிமிரவில்லை. வேலையில் இருக்கும்போது அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணும், அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என்று ஒரு வார்த்தை போதும். அது தொண்டைக்கு வந்து நின்றது, எழுந்து நின்ற வகுப்புகளில் வந்து நின்ற மாதிரியே. தூணில் சிவப்புப் பொத்தான் இருந்தது, குரலே தேவையில்லை. ஆனால் அதை அமுக்கினால் மெஷின் நிற்கும். அவள் திரும்பி ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதற்கு என்னிடமிருந்த ஒரே பதில் என் அண்ணன். அவனுடைய வில்லையைப் பிடுங்கிவிடுவார்கள். கொஞ்சம் பொறு, துண்டு முடியட்டும், முடிந்ததும் நிமிர்வாள், கீலைக் கையால் காட்டிவிடலாம், சிரித்துத் திட்டிவிட்டு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

அப்போது மூலையில் இருக்கிற, காற்றை அடைத்து வைக்கிற கம்ப்ரஸர் தானாக ஓட ஆரம்பித்தது. காற்று குறைந்தால் அது தானாக ஓடும். அந்தச் சத்தத்தில் வேறு எந்த மெஷின் ஓடுகிறது, எது நின்றது என்று காதுக்குத் தெரியாது.

துண்டு முடிந்தது. அக்கா இடது கையால் அளவெடுக்கிற வேர்னியரை எடுத்து அதன் அளவைப் பார்த்தபடியே வலது கையால் கதவைத் திறந்தாள். ஆறு வருஷமாகத் திறக்கிற மாதிரி. ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று தடவிப் பார்க்க விரலை உள்ளே கொண்டுபோனாள். அவள் என் பக்கம் நிமிரவே இல்லை.

அவள் கத்தவில்லை. நானும் கத்தவில்லை. கம்ப்ரஸர்தான் கத்திக்கொண்டிருந்தது. சிவப்புப் பொத்தானை அப்போது அமுக்கினேன். கை தானாகப் போயிற்று. எட்டிப் பிடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு பக்கம்.

பிறகு எல்லாரும் ஓடி வந்தார்கள். டீக்கடையிலிருந்து அண்ணனும் வந்தான். அவன்தான் சுத்தமான துணியை எடுத்து அவள் கையைச் சுற்றினான், அவன்தான் அவளைத் தாங்கிப் பிடித்து வண்டியில் ஏற்றினான். அதற்குமுன், துணியை எடுக்கக் குனிந்தபோது, அவனுடைய இன்னொரு கை கீலுக்குப் போய்த் திரும்பி சட்டைப்பைக்குள் போனதை நான் பார்த்தேன். வேறு யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எல்லாரும் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெஷினை நிறுத்தியது யார் என்றுகூட யாரும் கேட்கவில்லை.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும். அடிவரை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் விசாரணைக்காகப் பட்டறையைப் பூட்டுவதற்குமுன் அண்ணன் பதிவேட்டைத் திறந்து, புதன்கிழமை நாலு மணிக் கட்டத்தில் விரலை வைத்தான். கதவு சுவிட்ச் சோதித்தது என்கிற கட்டம் காலியாக இருந்தது. “டிக் போடு” என்றான். நான் பேனாவைத் தொடவில்லை. “நீ சோதிக்கலேன்னு உன்மேலதான் வரும், லூசு. உன்னக் காப்பாத்தத்தான் சொல்றேன்.” அவன் அதை நம்பித்தான் சொன்னான் என்று இன்றும் நினைக்கிறேன். டிக் போட்டேன். என் எழுத்தில் இருக்கிற முதல் பொய் அது, ஒரு கோடுகூட முழுதாக இல்லாத பொய்.

அன்று சாயங்காலம் அம்மா துணி துவைக்கும்போது அவன் சட்டைப்பையிலிருந்து பேண்டை எடுத்தாள். அதில் என் முடி இரண்டு சிக்கியிருந்தது. கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அம்மா உள்பாவாடை, தலையணை உறை தைக்கிறவள். துணியை ஒரு தடவை தடவினாலே எங்கே தையல் விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாள்.

“நான் வேணும்னா செஞ்சேன்?” என்றான் அண்ணன். யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. “போன விரல் போனதுதான். நான் போய்ச் சொன்னா அது முளைச்சிருமா?”

அம்மா அவனுக்குச் சோறு போட்டாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தலையை வாரிவிட ஆரம்பித்தாள். சின்ன வயசுக்கப்புறம் அவள் என் தலையைத் தொட்டதில்லை. “இத்தன நாளும் பேசாத புள்ள,” என்றாள் மெதுவாக, “இப்பப் போயா பேசப்போற?”

வாயில்லாப் பூச்சி, கல்லுப்பிள்ளையார், இடிச்சபுளி என்று வீட்டில் எனக்கு இல்லாத பெயரில்லை. அன்று முதல் தடவையாக என் பேசாமைக்கு மரியாதை கிடைத்தது. மீன் வாங்கினால் வால் பக்கம் எனக்கு வரும், அன்று நடுத்துண்டு வந்தது. மறுநாள் அண்ணன் ஓர் அட்டை நிறைய தலை பேண்ட் வாங்கி வந்து அம்மாவின் வெட்டுத்துணி மூட்டை இருக்கிற மூலையில் வைத்தான். பன்னிரண்டு நிறம். நான் ஒன்றையும் போடவில்லை. துணிக்கிழிசலால் கட்டிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து, சனிக்கிழமை காலை, கூட்டம். அக்கா கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது, வாய் மட்டும் அப்படியே இருந்தது. யாரோ நாற்காலி போட்டபோது, “எனக்கெதுக்கு, கடைலதான் அத்தன நாற்காலி கெடக்கே” என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

நடந்ததைச் சொன்னாள். கதவைத் திறந்தேன், நிற்கவில்லை. அவ்வளவுதான்.

செயலாளர் எழுந்து மெஷினை ஓட்டிவிட்டுக் கதவைத் திறந்தார். நின்றது. மூடினார், ஓட்டினார், திறந்தார். நின்றது. இருபது தடவை செய்தார். இருபது தடவையும் ஒரு நொடி தப்பாமல் நின்றது. கடைசியில் அவர் குரல் தழுதழுத்தது. அக்காவின் விரல் போனது அவருக்கு வருத்தம்தான், ஆனால் தன் சுவிட்சின்மேல் பழி போட்டது அதைவிட வருத்தம். “மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா” என்றார்.

“அப்ப எனக்குத் தெரியுமா?” என்றாள் அக்கா.

கதவு மூடியிருக்கும்போதே ஓரத்து இடைவெளி வழியாக விரலை விட்டிருப்பாள் என்று ஒருவர் சொன்னார். அவசரத்தில் யாருக்கும் வருவதுதான் என்று இன்னொருவர் பெருந்தன்மையாகச் சொன்னார். அண்ணனைக் கேட்டார்கள். “நான் விடும்போது எல்லாம் சரியா இருந்துச்சு” என்று தரையைப் பார்த்துச் சொன்னான். பதிவேட்டைத் திறந்தார்கள். டிக் இருந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். “அவளக் கேளுங்க. டிக் போட்டவ அவதானே. அவ பொய் சொல்லமாட்டா.”

அப்போதுதான் செயலாளர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் விரலை நீட்டினேன். அக்காவின் பார்வை என் விரலைப் பிடித்துக்கொண்டே மேசைவரை போனது.

முடிவை முன்பே எழுதி வைத்திருந்தார்கள். உறுப்பினரின் கவனக்குறைவு, மேற்கொண்டு எந்தக் கோரிக்கையும் இல்லை. கையெழுத்துப் போட்டால் ஆஸ்பத்திரிச் செலவைப் பொதுநிதி ஏற்கும், பட்டறையும் திறக்கும். போடாவிட்டால் விசாரணை முடியும்வரை பூட்டுதான். முப்பது பேர் பிழைப்பு. முப்பது பேரும் அவள் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடது கையால் எழுதிப் பழக்கமில்லாமல், ஒவ்வொரு எழுத்தாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, “எழுத்து நல்லால்ல, மன்னிச்சுக்குங்க” என்றாள்.

திங்கட்கிழமை பட்டறை திறந்தது. பலகையில் எட்டாவது விதி சேர்த்தார்கள். கதவைத் திறந்து மெஷினை நிறுத்தாதீர்கள், முதலில் பொத்தானை அமுக்குங்கள். என் கையெழுத்து அழகு என்று என்னையே எழுதச் சொன்னார்கள். ஏணியில் ஏறி, பிரஷ்ஷைப் பிடித்து, ஒரு எழுத்தும் கோணாமல் எழுதினேன். கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டவன் அண்ணன்.

அன்று வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். பதினோரு தடவை, பன்னிரண்டாவது தடவை, மஞ்சள் வட்டம், நாற்பது விநாடி, சிவப்புப் பொத்தான், டிக், விரல். எதையும் எனக்குச் சாதகமாக வளைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் பேண்டை அடையாளமாக வைத்து மூடி, மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோய் என் மேசை இழுப்பறையில் வைத்தேன். யாரிடம் கொடுப்பது என்று தெரிந்துதான் எழுதினேன். கொடுத்தால் அக்கா சொன்னது உண்மை என்று ஆகிவிடும் என்று நம்பினேன்.

மூன்று வாரம் கழித்து அக்கா வந்தாள். உறுப்பினர் பட்டியலிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். பெட்டியில் இருந்த சாமான்களை எடுத்துக்கொண்டு வில்லையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பட்டறையில் அண்ணன் மட்டும் மில்லிங் மெஷினில் நின்றான், பன்னிரண்டாம் எண் வில்லை தொங்கியது. அவளைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான்.

பெட்டியிலிருந்த ஒவ்வொன்றையும் இடது கையால் எடுத்துப் பையில் போட்டாள். வேர்னியரைக் கையில் வைத்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அதையும் போட்டாள். பிறகு என் மேசைக்கு வந்தாள்.

“என்ன மியூட்டு. அன்னிக்கி நல்லாக் காட்டினே விரல. நானும் யாரையாச்சும் சுட்டிக் காட்டலாம்னு பாக்குறேன், காட்டுற விரல்தான் இல்ல.”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், வழக்கம்போல, ஏதாவது வரும் என்று.

நான் மேசை இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்து அவள் பக்கம் தள்ளினேன். பேண்ட் இருந்த பக்கம் தானாகத் திறந்துகொண்டது. அவள் முதலில் பேண்டை எடுத்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு கட்டுப் போட்ட கையால் தாளை அழுத்திக்கொண்டு நின்றபடியே படித்தாள். வேகமாகப் படிக்கிறவள், அன்று மெதுவாகப் படித்தாள். அண்ணனைப் பற்றிய பக்கங்களில் அவள் முகம் மாறவில்லை. அது அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்க வேண்டும், அல்லது யாரோ ஒருவன் என்பதே போதுமாக இருந்திருக்க வேண்டும். பக்கத்தைத் திருப்பினாள். ஓர் இடத்தில் அவள் கண் நின்றது. எந்த இடம் என்று எனக்குத் தெரியும். எழுதியவள் நான்.

நோட்டை விட்டுவிட்டு நடந்தாள். அலமாரியைச் சுற்றிக்கொண்டு போய் மஞ்சள் வட்டத்துக்குள் நின்றாள். நான் எழுந்து பார்த்தேன். அங்கிருந்து கட்டரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், கீலைப் பார்த்தாள். பிறகு தூணின் பக்கம் திரும்பி, கட்டுப் போட்ட கையை நீட்டினாள். விரல் இல்லாத அந்தக் கையே சிவப்புப் பொத்தானுக்கு எட்டியது. தொடாமல், அதற்கு முன்னால் அப்படியே பிடித்திருந்தாள்.

அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டான். முதலில் பொத்தான், பிறகு கதவு, புது விதிப்படி. கட்டர் சுற்றிச் சுற்றி அடங்கியது. அதன் பற்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டான்.

அக்கா கையை இறக்கினாள். என் மேசைக்குத் திரும்பி வந்தாள்.

“அக்கா” என்றேன். எனக்கே கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும், மூன்றடி தூரம்தான்.

அவள் நோட்டை மூடினாள். பேண்டை அதன்மேல் வைத்தாள். கழுத்திலிருந்து ஏழாம் எண் வில்லையைக் கயிறோடு கழற்றி, காற்றில் பறந்துவிடாமல் இருக்க வைக்கிற மாதிரி, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். பையைத் தூக்கி இடது தோளில் மாட்டிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் ஒருக்களித்துச் சாத்தியிருந்த இரும்புக் கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு போனாள்.